உப்பட்டி சுமந்த மூன்றாம் நாள்

கச்சிமுகம்மது கல்முனைக் கடைத்தெருவில் இருபத்தாறு வருடமாகத் தையல் மெசின் மிதித்தவர். காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்தால் லுஹர் பாங்கு கேட்கும்போது ஒருமுறை எழும்புவார், பின்னேரம் அஸருக்கு ஒருமுறை எழும்புவார். மற்ற நேரமெல்லாம் பாதம் மெசின் மிதியிலும் கண் ஊசி முனையிலும்தான். நாற்பத்தெட்டு வயதில் இடுப்புச் சாரக்கட்டுக்கு மேலே வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது. கடையில் அவர் தூக்குகிற பெரிய பாரம், கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்றுதான்.

அவருடைய மனைவி ஸைனம்புவுக்குச் சீதனமாக வந்த இரண்டரை ஏக்கர் வயல் இறக்காமத்துப் பக்கம் இருந்தது. அதை வழக்கமாகக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள். எண்பத்தோராம் ஆண்டு குத்தகைக்காரர் நோயில் விழுந்ததால், கச்சிமுகம்மதுவே கூலிக்கு ஆள் பிடித்து வெள்ளாமை செய்வித்தார். மாசி மாதம் வெட்டும் முடிந்தது. வெட்டிய கதிரைக் கைப்பிடி கைப்பிடியாக வயலில் பரத்தி வெயிலுக்கு விட்டிருந்தார்கள். அதற்குத்தான் உப்பட்டி என்று பெயர். உப்பட்டியை அள்ளிக் கட்டி, நெல் மிதிக்கிற களவெட்டிக்குச் சுமந்து, சூடு என்கிற பெரிய போராகக் குவித்து வைத்துவிட்டால் பயமில்லை. மழை வந்தாலும் மேலே வைக்கோலைப் போட்டு மூடிவிடலாம்.

அந்த நேரம் பார்த்து வானம் கறுத்தது. வெட்டுக்கு வந்த ஆட்களெல்லாம் வேறு வயலுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டே பேர்.

"நான் போறன்" என்றார் கச்சிமுகம்மது.

ஸைனம்பு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்களா? சந்தைக்குப் போய் அரை மூடை அரிசி தூக்கிட்டு வந்தா ரெண்டு நாள் முதுகக் காட்டிட்டுக் கெடக்கிற ஆளு."

"கலியாணம் முடிச்ச புதுசுல உண்ட வாப்பாட வயலில எத்தின சூடு வெச்சிரிக்கன் எண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அது றாஹிலா பொறக்க முதல். அவளுக்கு இப்ப இருவது வயசு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் றாஹிலா சிரித்தாள். கச்சிமுகம்மது கடைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வயலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் கண்டது கதிரை அல்ல, வரம்புக்கு அந்தப் பக்கம் நின்ற அப்துல் கபூரைத்தான்.

அப்துல் கபூர் ஸைனம்புவின் கூடப்பிறந்த காக்கா, மூத்த அண்ணன். இரண்டு பேருடைய வயலுக்கும் நடுவில் ஒரே வரம்பு. கல்முனையில் இரண்டு பேருடைய வீட்டுக்கும் நடுவில் இரண்டே ஒழுங்கை. ஆனாலும் மச்சானும் மச்சானும் கதைத்து நாலு வருடம். காரணத்தை வெளியில் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். கபூருடைய மகனின் கலியாணத்துக்குக் கோட்டுத் தைத்தவர் கச்சிமுகம்மது. மாப்பிள்ளை ஊர்வலமாகப் போய்ப் பெண்வீட்டு வாசலில் இறங்கி, பெரியவர்களுக்குச் சலாம் சொல்லக் கையை நீட்டினார். அக்குளுக்குக் கீழே கோட்டின் கமக்கட்டு டர்ரென்று கிழிந்து வெள்ளைச் சட்டை வெளியே தெரிந்தது. முழுச் சபைக்கும் கேட்க, "ஊசி புடிக்கத் தெரியாத ஆளுக்கிட்ட குடுத்தா இப்பிடித்தான்" என்றார் கபூர். "அளவு எடுத்ததுக்குப் புறகு திண்டு கொழுத்தது உங்கட மகன்" என்றார் கச்சிமுகம்மது. கலியாணச் சோறு உண்ணாமல் வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையால் போகவே இல்லை. ஸைனம்பு மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் காக்கா வீட்டுக்குப் போய் வருவாள்; போய் வந்த கதையைப் புருசனுக்குச் சொல்லமாட்டாள்.

கபூரும் உடல் வேலைக்குப் பழகினவர் அல்ல. சைக்கிள் சாமான் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர், வயதிலும் நாலு வருடம் மூத்தவர். அவருக்கும் ஆள் கிடைக்கவில்லை போலிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றிக் களவெட்டிப் பக்கம் நடந்தார். போகும்போது இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பார்வைதான் எல்லாவற்றுக்கும் காரணம். பாதிப் பாதியாகத் தூக்கலாம் என்று நினைத்து வந்த கச்சிமுகம்மது, கபூர் தூக்கியதை விட ஒரு பிடி கூடுதலாகக் கட்டினார்.

கூலிக்கு நின்றவர்களில் ஒருவர் சொறிக்கல்முனைக் கதிர்காமத்தம்பி. பிறந்ததிலிருந்து வயலில் கிடந்த மனிதர். "முதலாளி, சின்னச் சின்னதாத் தூக்குங்க. இடைக்கிடை வாடி நிழலில குந்துங்க. இது நாளைக்கும் உள்ள வேலை" என்றார்.

"எனக்கு ஒண்டுமில்ல. நீ கட்டு."

கபூர் இன்னும் கொஞ்சம் பெரிய கட்டோடு போனார். கச்சிமுகம்மது அதைவிடப் பெரியதோடு போனார். இடையில் தண்ணீர் குடிக்கக்கூட உட்காரவில்லை. கபூர் உட்காராதபோது இவர் எப்படி உட்காருவார்? திங்களும் போய்ச் செவ்வாயும் போனது. குனிந்து அள்ளி, முழங்காலை மடக்கித் தூக்கி, தலையில் ஏற்றி, வரம்பில் வழுக்காமல் நடந்து, சூட்டின் மேலே கையை உயர்த்தி எறிந்து, திரும்பவும் குனிந்து. செவ்வாய் அஸர் நேரம் கடைசிக் கட்டும் சூட்டில் ஏறியது. வைக்கோலால் மூடிக் கயிறு போட்டுக் கட்டியதும் தூறல் தொடங்கியது. பஸ்ஸில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த கச்சிமுகம்மதுவுக்குத் தன்மேல் பெரிய மதிப்பு உண்டாகியிருந்தது. தொடை கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு தின்றார்.

"பாத்தியா? என்னவோ சொன்ன" என்றார் ஸைனம்புவிடம். படுத்தவுடன் தூங்கிப்போனார்.

புதன்கிழமை ஸுபஹ் பாங்கு கேட்டுக் கண் விழித்தபோது, வழமைபோல எழும்பப் பார்த்தார். உடம்பு எழும்பவில்லை.

முதலில் அது அவருக்கு விளங்கவில்லை. தலையை உயர்த்தினால் கழுத்து இழுத்தது. கையை ஊன்றினால் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கல்லாகக் கிடந்தது. காலை மடக்கப் பார்த்தார். தொடைக்குள் யாரோ கயிறு போட்டு முறுக்கியது போலிருந்தது. விரல்களை மூடினார். பாதிதான் மூடியது. ஊசி பிடிக்கிற வலது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று சேர மறுத்தன.

அப்போதுதான் அவருக்கு அண்ணன் மீராலெவ்வையின் நினைவு வந்தது.

மீராலெவ்வையும் இப்படித்தான் ஒரு விடியற்காலை எழும்ப முடியாமல் கிடந்தார். பாரிசவாதம். பதினொரு மாதம் பாயில் கிடந்து மவுத்தானார். அவருக்கும் அப்போது வயது நாற்பத்தெட்டு. கச்சிமுகம்மது கூப்பிட வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கூப்பிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். படுத்தபடியே கண்ணால் சாடை காட்டித் தொழுதார். தொழுது முடித்தபோது காதுக்குள் கண்ணீர் இறங்கியது.

தேத்தண்ணீரோடு வந்த ஸைனம்பு அந்தக் கண்ணீரைக் கண்டாள்.

"என்னங்க? என்ன செய்யிது?"

"ஸைனம்பு, பதறாத. எனக்கு ஒழும்ப ஏலாமக் கெடக்கு. கை காலெல்லாம் மரமாப் போச்சி. மீராலெவ்வைக் காக்காக்கு வந்ததுதான் எனக்கும் வந்திரிக்கி."

ஸைனம்பு தேத்தண்ணீரை நிலத்தில் வைத்த விதத்தில் பாதி கொட்டிப்போனது. அவள் கத்தவில்லை. வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டுச் சரீபைக் கூப்பிட்டு, பாண்டிருப்புக்குப் போய் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயாவைக் கூட்டி வரச் சொன்னாள். சரீப் சைக்கிளில் பறந்தார். திரும்பி வந்தவள் புருசனின் காலடியில் உட்கார்ந்து, காலைத் தொட்டாள். அவர் "அல்லாஹ்" என்று கத்தினார்.

"நோகுதா?"

"உசிர் போகுது."

கச்சிமுகம்மது மகளைக் கூப்பிட்டார்.

"றாஹிலா, கடையில கச்சேரிக் கிளாக்கர்ட கால்சட்டை கால்வாசியில கெடக்கு. துணிய அப்பிடியே மடிச்சிக் குடுத்திரு. பள்ளிக்கூடத்துப் புள்ளைகள்ட வெள்ளைச் சட்டை ஆறு. பட்டன் மட்டும்தான் மிச்சம், அத நீ வெச்சிரு."

"வாப்பா, என்ன கதைக்கிறீங்க?"

"கேளு மகள். இன்னொண்டு இரிக்கி." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்று நிதானித்துச் சொன்னார். "கபூர் மாமா வீட்டுக்குப் போ. வாப்பாக்கு ஏலாமக் கெடக்கு, மாப்புக் கேக்கக் கூப்பிடுறாரு எண்டு சொல்லு. கெதியா வரச் சொல்லு."

ஸைனம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு வருடமாக அவள் துஆவில் கேட்டது இதைத்தான். இப்படியொரு விலை கொடுத்துக் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. றாஹிலா தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

சரீபுக்குப் பின்னால் அப்போதிக்கரி அழகரெத்தினம் தன்னுடைய சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். மீராலெவ்வைக்குக் கடைசி வரைக்கும் மருந்து கொடுத்தவரும் அவர்தான். பெட்டியைத் திறக்காமல், பாய்க்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டெயிலர், சிரிங்க பாப்பம்."

"ஐயா, நான் சாகக் கெடக்கன்."

"ஓம், ஓம். சிரிச்சிப்போட்டுச் சாகலாம். பல்லக் காட்டுங்க."

கச்சிமுகம்மது பல்லைக் காட்டினார். அப்போதிக்கரி இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். முனகிக்கொண்டே நீட்டினார். கண்ணை மூடி அப்படியே பிடிக்கச் சொன்னார். பிடித்தார். ஒரு கையும் கீழே விழவில்லை. உள்ளங்காலில் விரலால் கீறினார். கால் வெடுக்கென்று மடங்கியது, கூடவே ஒரு அலறலும் வந்தது.

"உங்கட பெயர், ஊர், மகள்ட பெயர் சொல்லுங்க."

அதையும் தெளிவாகச் சொன்னார்.

"நேற்றும் முந்தநாளும் என்ன வேலை செஞ்சீங்க?"

"வயலில உப்பட்டி தூக்கிச் சூடு வெச்சன் ஐயா. ரெண்டு நாள்."

"அதுக்கு முதல் எப்ப தூக்கினீங்க?"

கச்சிமுகம்மது யோசித்தார். "இருவது இருவத்தோரு வருசத்துக்கு முதல்."

அப்போதிக்கரி கதிரையில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய முகத்தில் சிரிப்பு மெல்லமாகப் பரவியது. ஸைனம்பு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, பயப்பிடாத. உண்ட மனிசனுக்கு வாதமுமில்ல கீதமுமில்ல. மீராலெவ்வைய நான் பாத்தவன். அவருக்கு வாய் கோணிட்டு, கதை குளறிட்டு, ஒரு பக்கம் மட்டும் விழுந்திட்டு. கிள்ளினாலும் அந்தப் பக்கம் தெரியல்ல. வாதம் எண்டா அப்பிடித்தான், திடீரெண்டு ஒரு பக்கத்தப் பிடிக்கும். இவருக்கு ரெண்டு பக்கமும் சமனா நோகுது. கிள்ள முதலே கத்துறார். வேலை செய்த கையும் காலும் முதுகும்தான் நோகுது. தலை நோகுதா டெயிலர்?"

"இல்ல."

"நாக்கு நோகுதா?"

"இல்ல ஐயா."

"பாத்தீங்களா? அதுகள் சூடு வைக்கல்ல."

வாசலில் நின்ற சரீப் வாய்விட்டுச் சிரித்தார். ஸைனம்பு சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கச்சிமுகம்மது மட்டும் நம்பாமல் கேட்டார்.

"அப்ப ஏன் ஐயா நேத்து நோகல்ல? நேத்துச் சோறு திண்டு நல்லாத்தானே படுத்தன்."

"அதுதான் இதுட குணம். பழகாத பாரத்தத் தூக்கினா தசைக்குள்ள இருக்கிற நாரெல்லாம் மயிரிழை மயிரிழையாக் கிழியும். கிழியும்போது பெரிசா நோகாது. மறுகா உடம்பு அதத் தைக்கத் தொடங்கும். தைக்கிற நேரம்தான் வீங்கும், இறுகும், நோகும். ஒரு நாள் கழிச்சித் தொடங்கி ரெண்டாம் மூண்டாம் நாள்தான் உச்சம். உங்களுக்குத் தையலைப் பத்தி நான் சொல்லவா? ஒரு கிழமைக்குள்ள தன்ட பாட்டில சரியாகும்."

"அதுவரைக்கும் இப்பிடிக் கெடக்கவா?"

"கிடக்கக் கூடாது. அதத்தான் சொல்ல வாறன். கிடந்தா இன்னும் இறுகும். சுடுதண்ணியில குளிங்க. நோகுற இடத்தில சூடான ஒத்தணம் வையுங்க. எண்ணெய் பூசினா மெல்லமாப் பூசுங்க, ஆளை விட்டு மிதிக்க வைக்க வேண்டாம், கிழிஞ்சத இன்னும் கிழிக்கிற வேலை அது. நல்லாத் தண்ணி குடிங்க, மீனும் முட்டையும் தின்னுங்க. மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி மெல்லமா நடங்க. கையையும் காலையும் இழுக்கிற அளவுக்கு மட்டும் நீட்டி மடக்குங்க. முதல் பத்து அடிதான் கஷ்டம், மறுகா தானா இளகும்." சொல்லிவிட்டு அவர் விரலை உயர்த்தினார். "ஒண்டே ஒண்டு. ஒண்டுக்குப் போறது பால் ஊத்தாத பிளேன்டீ நிறத்தில போனா, இல்லாட்டி ஒரு இடம் பெரிசா வீங்கினா, என்னத் தேட வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கச்சிமுகம்மதுவின் நெஞ்சுக்குள் ஒரு பெரிய கல் புரண்டு விலகியது. அவர் நீளமாக மூச்சு விட்டார். விலாவும் நொந்தது, ஆனால் அந்த நோவு இப்போது வேறு மாதிரி இருந்தது. அது வேலை செய்த நோவு. அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்த நொடியே அவர் கண்கள் அகல விரிந்தன.

"ஸைனம்பு! றாஹிலா எங்க?"

"காக்கா வீட்டுக்குத்தானே அனுப்பினீங்க."

"ஓடு! ஓடிப் போய் மறி! சாகக் கெடக்கன் எண்டு சொல்லி அனுப்பிரிக்கன். அவரு வந்து, நான் சும்மா கெடக்கிறதக் கண்டாரெண்டா, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. இந்த மானக்கேட்ட விட வாதமே..."

"வாய மூடுங்க" என்றாள் ஸைனம்பு, முதல் தடவையாகக் கோபமாக.

அதற்குள் வேலிக் கடப்பில் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்துல் கபூர் வந்துகொண்டிருந்தார். அவர் வந்த விதத்தை நடை என்று சொல்ல முடியாது. ஒரு கை றாஹிலாவின் தோளில், மற்றக் கை வேலிக் கம்பில். முழங்கால் இரண்டையும் மடக்காமல், இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகலோடு, நண்டு மாதிரி வந்தார். முகத்தில் வேர்வை வழிந்தது. வாசற்படியில் காலைத் தூக்க முடியாமல் நின்றார்.

"மச்சான்!" என்றார் அங்கிருந்தே. நாலு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் சொல் அது. "மச்சான், நீங்க மாப்புக் கேக்க வேணாம். நான்தான் கேக்கோணும். சபையில வெச்சிச் சொல்லக் கூடாத கதையச் சொன்னவன் நான். நேத்து ராவிலருந்து எனக்கும் ஏலா. விடிய ஒழும்பக்கூட ஏலாமக் கெடந்தன். இவள் வந்து சொன்னதும், தவழ்ந்தெண்டாலும் போய் ஒருக்கா முகத்தப் பாக்கோணும் எண்டு வந்தன்."

கச்சிமுகம்மது பாயில் கிடந்தபடி அவரையே பார்த்தார். நண்டு நடையைப் பார்த்தார். பாதிக்கு மேலே மூடாத விரல்களைப் பார்த்தார். அந்த மனிதர் இரண்டு ஒழுங்கை தாண்டி, இந்த உடம்போடு வந்திருக்கிறார். தன் முகத்தை ஒருமுறை பார்க்க. அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார் என்று தான் சொன்னதை நினைக்கக் கச்சிமுகம்மதுவுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதிக்கரி கதிரையை விட்டு எழும்பினார். "இந்தா, ரெண்டாவது ஆளும் வந்திட்டார். வாங்க முதலாளி. நீங்களும் சூடு வைச்சீங்களா?"

"ஓம் ஐயா. இவரு... மச்சான் பெரிய பெரிய கட்டாத் தூக்கினாரு. நான் சின்னதாத் தூக்கினா என்ன நினைப்பாரு எண்டு..."

"நீங்கதானே முதல்ல பெரிசாத் தூக்கினீங்க!" என்று கச்சிமுகம்மது பாயிலிருந்து கத்தினார். "தூக்கிட்டு என்னப் பாத்தீங்களே!"

"நான் எங்க உங்களப் பாத்தன்? நீங்க வந்திட்டீங்களே, சலாம் சொல்லுவமா வேணாமா எண்டு பாத்தன்."

முதலில் சிரித்தது றாஹிலா. பிறகு ஸைனம்பு. கபூருக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததால் வயிறு நொந்து, வயிற்றைப் பிடிக்கக் குனிந்து, குனிந்ததால் முதுகு நொந்து, "ரப்பே" என்று நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். கச்சிமுகம்மது சிரிக்கச் சிரிக்க விலா வலித்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கை முகம் வரைக்கும் எழும்பவில்லை.

சிரிப்பு அடங்கியபோது அவர் சொன்னார்: "மச்சான், நான் மாப்புக் கேக்கக் கூப்பிட்டது உண்மைதான். அந்தக் கோட்டு விசயம். உங்கட மகன் கொழுத்ததில்ல பிழை. அந்தக் கிழமை எனக்கு வேலை கூட. கமக்கட்டில உள்ளுக்கு விடவேண்டிய துணிய விடாம ஒட்ட வெட்டிட்டன். தைக்கும்போதே எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமாப் போச்சி. நாலு வருசமாத் தெரியும்."

கபூர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நிலத்தில் இறங்கினார். அதற்கு ஒரு நிமிடம் பிடித்தது. பாய் ஓரத்தில் உட்கார்ந்து, மச்சானின் விறைத்த கையைத் தன்னுடைய விறைத்த கையால் பிடித்தார். இரண்டு கையும் சரியாக மூடவில்லை.

"அவன் கொழுத்ததும் உண்மைதான் மச்சான்" என்றார்.

அப்போதிக்கரி இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைச் சொல்லிவிட்டு, ஆளுக்கு இரண்டு வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். ஸைனம்பு கிணற்றடியில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் நொச்சி இலை போட்டுத் தண்ணீர் காய்ச்சினாள். கச்சிமுகம்மதுவை மகளும் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்து எழுப்பினார்கள். பத்து அடி நரகம். பதினோராவது அடியில் தொடை கொஞ்சம் விட்டது. அவரே ஆச்சரியப்பட்டு நின்றார். பிறகு இன்னும் நாலு அடி வைத்தார்.

சுடுநீர் முதல் வாளி தோளில் விழுந்தபோது, நெடுநாள் மூடிக்கிடந்த பூட்டில் சாவி திரும்பினது மாதிரி ஒரு சுகம். அடுத்த வாளி முதுகில். நொச்சி மணம் ஆவியோடு மூக்கில் ஏறியது. கச்சிமுகம்மது கண்ணை மூடிக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கல்லில் கபூர் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு வாளி ஊத்து தங்கச்சி" என்று கேட்டார். நாலு வருடமாக அந்தக் கிணற்றடியில் காக்காவின் குரல் கேட்டதில்லை. ஸைனம்பு வாளியை நிறைத்து ஊற்றினாள்.

அன்று முழுவதும் கபூர் வீட்டுக்குப் போகவில்லை. இருவரும் உப்புச் சூடாக்கிக் கட்டிய துணி முடிச்சை மாறி மாறி ஒத்திக்கொண்டார்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை றாஹிலா வந்து, "வாப்பா ஒழும்புங்க, மாமா ஒழும்புங்க" என்று விரட்டினாள். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. எழும்பும்போதுதான் உலகத்து நோவெல்லாம் வந்து சேரும். அதனால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித்தான் எழும்பினார்கள். அஸருக்குப் பிறகு கடற்கரை வரைக்கும் நடந்தார்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கண்டு இழுப்பை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன டெயிலர், ரெண்டு பேரும் ஒரே மாதிரி நடக்கிறீங்க?"

"ஒரே வாத்தியாருக்கிட்டப் படிச்சது" என்றார் கபூர்.

வியாழக்கிழமை நோவு குறைந்திருக்கும் என்று கச்சிமுகம்மது எதிர்பார்த்தார். குறையவில்லை, படியிறங்கும்போது முந்தின நாளை விடவும் மோசம். ஒரு கணம் பழைய பயம் தலையைத் தூக்கியது. மூன்றாம் நாள்தான் உச்சம் என்று அப்போதிக்கரி சொன்னதை நினைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமன். சுடுநீரில் குளித்துவிட்டு, கடைக்குப் போய் இரண்டு சட்டைக்குப் பட்டன் வைத்தார். ஊசி பிடிக்க முடிந்தது. நூல் கோர்க்கத்தான் றாஹிலா வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இரண்டு மச்சான்மாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதில் இறங்க இரண்டு பேருக்கும் மற்றவர்களை விடக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கச்சிமுகம்மது கிணற்றடிக்குப் போனார். மாமரத்தில் காகம் கத்திக்கொண்டிருந்தது; சூடு மிதிக்கிற நாளைப் பற்றி யோசித்துக்கொண்டே வாளியை இறக்கி இழுத்தார். தொட்டி நிறைந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தார். அப்போதுதான், ஏதோ ஒன்று குறைகிறது என்று அவருக்குப் பட்டது. நின்று யோசித்தார். கையை மேலே தூக்கினார். குந்தினார், எழும்பினார். இன்னொரு தடவை குந்தி எழும்பினார்.

அடுப்படி வாசலில் நின்ற ஸைனம்பு கேட்டாள்: "என்ன செய்யிறீங்க?"

"நோகல்ல புள்ள. எட்டு வாளி இழுத்திரிக்கன், மறந்தே போச்சி."

"அல்ஹம்துலில்லாஹ். மறுகா இனி வயலுக்குப் போவீங்களா?"

"போவன். ஆனா இனி ஓய்வுநாள் எல்லாம் மச்சானோட கடற்கரைக்கு நடந்து, வீட்டுத் தண்ணியையும் நானே இழுத்து, உடம்பப் பழக்கி வெச்சிட்டுத்தான் போவன். போனாலும் சின்னக் கட்டு. கதிர்காமத்தம்பி சொன்னா சொன்னபடி குந்துவன்."

வேலிக் கடப்பில் கபூரின் குரல் கேட்டது. "மச்சான், ஒழும்பிட்டீங்களா? தேத்தண்ணி குடிச்சா வாங்க, நடந்திட்டு வருவம்."

"உள்ளுக்கு வாங்க மச்சான், இஞ்ச குடிச்சிட்டுப் போவம்" என்றார் கச்சிமுகம்மது. ஸைனம்பு அதற்குள் அடுப்பில் கேத்தலை வைத்து, அலுமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.